குளவி பார்க்க ஒரு நாற்காலி

காலாண்டார் பிறந்தபோது வானத்தில் அதிசயம் எதுவும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், முன்கூட்டித் திட்டமிடாத அதிசயம் என்று அவர் அதை நிராகரித்திருப்பார்.

அவர் என் அக்காள் கணவர். பூச்சிகளை ஆராயும் நிறுவனமொன்றில் விஞ்ஞானி. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் காலாண்டார்தான். எந்த வேலையையும் மூன்று மூன்று மாதமாகக் கூறுபோட்டு, எந்தக் கூறில் எது முடியும் என்று கட்டம் கட்டி, கட்டத்துக்கு வண்ணமும் தீட்டிய பிறகுதான் கையால் தொடுவார். வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் கழன்று விழுந்தபோது அதை மாட்டுவதற்கும் அட்டவணை போட்டார். புதுத் தாழ்ப்பாள் இரண்டாம் காலாண்டில் வந்தது. அதுவரை உள்ளே இருப்பவர் உரக்கப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்பது இடைக்கால ஏற்பாடு. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் குரல்வளம் கிடையாது என்பதை அட்டவணை கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் அவர் பிறவிக் காலாண்டார் அல்லர். அக்காளைக் கட்டிக்கொண்ட புதிதில் அவருக்குத் திட்டமும் தெரியாது, நிதியும் தெரியாது. ஒரே ஒரு கேள்விதான் தெரியும். அந்தக் கேள்வி ஒரு சுவரில் இருந்தது.

நிறுவனத்தின் பின்கட்டில் ஒரு நடைகூடம் உண்டு. ஒரு கோடியில் உடைந்த மேசைகள் அடைந்த சாமான் அறை; மறுகோடியில் ஜெனரேட்டர். நடுவில் கண்ணாடிக் குடுவைகள் கழுவும் தொட்டி. அதன் குழாய் யார் எவ்வளவு இறுக்கித் திருகினாலும் சொட்டும். சொட்டிய நீர் தரைக்கு வழிந்து, தரையோரம் ஒரு சேற்றுத் திட்டாகத் தேங்கியிருக்கும். அந்தச் சேற்றை நம்பி எதிர்ச்சுவரில் ஒரு குளவிக் குடியிருப்பே எழும்பியிருந்தது. ஒவ்வொரு குளவியும் சேற்றை உருட்டி எடுத்துப்போய்ச் சுவரில் கட்டைவிரல் பருமனில் ஒரு மண்குடம் கட்டும். பிறகு தோட்டத்தில் ஒரு புழுவைப் பிடித்துக் கொட்டி மயக்கி, தூக்கி வந்து குடத்தில் அடைத்து, முட்டையிட்டு, வாயை மூடிவிட்டுப் போய்விடும். இந்த வகைக் குளவிகள் வழக்கமாகத் தனித்தனியாகத்தான் கட்டும் என்பார் அத்தான். பக்கத்திலேயே சேறும், நாள் முழுக்க நிழலும் கிடைத்ததால் இங்கே மட்டும் தோளோடு தோள் ஒட்டி, அடுக்குமாடி போலக் கட்டியிருந்தன. இப்படி ஒரு சுவரை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை.

கேள்வி இதுதான். அச்சில் வார்த்த மாதிரி ஒரே சாயலில் அத்தனை குடங்கள் இருக்கும் சுவரில், புழுவோடு வருகிற குளவி நேராகத் தன் குடத்துக்கே போகிறது. தன் குடத்தையே அதற்கு அடையாளம் தெரியுமா? இல்லை, குடம் இருக்கிற இடம்தான் தெரியுமா? குடத்தைக் காணாமல் அடித்துவிட்டால் எங்கே போய் நிற்கும்? மணலில் குழி பறிக்கும் குளவிகளைப் பற்றி வேறு தேசத்தார் எப்போதோ பார்த்து எழுதிவிட்டார்களாம். சுவரில் குடம் கட்டும் இந்த வகையைப் பற்றி, அவர் தேடிய வரையில், ஒருவரும் பார்க்கவில்லை.

அதற்கு என்ன வேண்டும் என்று அக்காள் கேட்டாள். ஒவ்வொரு குளவியின் முதுகிலும் ஒவ்வொரு நிறத்தில் ஒரு பொட்டு வைக்க வேண்டும், அப்போதுதான் எது எது என்று தெரியும். பிறகு சில குடங்களை மட்டும் பெயர்த்து இடம் மாற்றிவிட்டு, ஒரு பருவம் முழுக்கப் பிற்பகல் பிற்பகலாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார்.

அக்காள் கண் மருத்துவமனையில் செவிலி. ஒரு காரியத்தை யோசிப்பதற்கும் செய்வதற்கும் நடுவே அவளுக்கு இடைவெளி கிடையாது.

"பொட்டுக்கு என் நகப்பூச்சு போதுமே. சிவப்பு, ரோஸ், பழுப்புனு மூணு இருக்கு. நாற்காலி அடுப்படியில ஒண்ணு சும்மா கிடக்கு. நாளைக்கே போய் உக்காருங்களேன்."

"அப்படி எல்லாம் செய்யக் கூடாதும்மா. நிதி வாங்கிச் செஞ்சாதான் அது ஆராய்ச்சி. சும்மா உக்காந்தா அது வேடிக்கை பாக்குறது."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

அத்தான் யோசித்துப் பார்த்துவிட்டு, "முன்அனுமதி," என்றார்.

மறுநாள் அவருடைய சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் மூன்று நகப்பூச்சுக் குப்பிகளும் இருந்தன. சாயங்காலம் டிபன் பாக்ஸ் காலியாகத் திரும்பி வந்தது. குப்பிகள் நிறைந்தபடியே திரும்பி வந்தன. கொஞ்ச நாள் இப்படியே போய் வந்துகொண்டிருந்தன. பிறகு அக்காள் அவற்றை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டாள்.

அத்தான் தம் முதல் விண்ணப்பத்தை ஒரே தாளில் எழுதினார். கேள்வி என்ன, எப்படிப் பார்ப்பேன், என்ன வேண்டும் என்று மூன்றே பத்தி. வேண்டியவை: நாற்காலி ஒன்று, வண்ணக் குப்பிகள் சில, மெல்லிய தூரிகை ஒன்று, பிற்பகல்கள். அது போன வேகத்தில் திரும்பி வந்தது. கேட்ட தொகை, நிதிக்குழு வழங்கக்கூடிய மிகக் குறைந்த தொகையைவிடக் குறைவாக இருப்பதால் பரிசீலிக்க இயலவில்லையாம். உலகத்தில் பிச்சைக்காரனைக்கூடக் கொஞ்சமாகக் கேட்டான் என்பதற்காக யாரும் விரட்டியதில்லை.

நிறுவன இயக்குநர் அவரைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். "நாற்காலி கேட்டா எப்படிப்பா? அந்தக் குழுத் தலைவர் உக்கார்ற நாற்காலி அதைவிட விலை. அவர் உன்னை மதிப்பாரா? முதல்ல கேக்கக் கத்துக்க."

கேட்கக் கற்றுக்கொள்ள அவரை ஒரு பயிற்சிக்கும் அனுப்பினார். குளிரூட்டிய அரங்கு, ஆளுக்கொரு கோப்புறை, பேனா. பயிற்சி தர வந்தவர் வாழ்நாளில் ஓர் எறும்பைக்கூட உற்றுப் பார்த்ததில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு நிதி பெறுவதில் கரை கண்டவர். அவருடைய பாடம் ரத்தினச் சுருக்கமானது. "முதல் பத்தியில உலகம் அழியணும். ரெண்டாம் பத்தியில அதைக் காப்பாத்துற வழி உங்ககிட்ட மட்டும் இருக்கணும். மூணாம் பத்தியில, வழி இருக்கு, பணம் தர ஆள் இல்லைனு முடிக்கணும்." குளவியால் சமூகத்துக்கு என்ன பயன் என்று அவர் எல்லார் முன்னிலையிலும் அத்தானைக் கேட்டாராம். அத்தான் எழுந்து நின்று, குளவிக்குப் பயன் என்றாராம். அரங்கு சிரித்தது. அதற்குப் பிறகு அத்தான் அந்த மாதிரிப் பதிலை எங்கேயும் சொன்னதில்லை.

பயிற்சி முடிந்து வந்தவர், செயல்பாடு வேறு, வெளியீடு வேறு, விளைவு வேறு என்பதை அக்காளுக்கு விளக்க முற்பட்டார். துணி துவைப்பது செயல்பாடு. வெளுத்த துணி வெளியீடு. வெளுத்த துணி உடுத்தியதால் தெருவில் மதிப்பு உயர்வது விளைவு.

"துவைக்கிறது யாரு?" என்றாள் அக்காள்.

"அது மனிதவளம்."

"மனிதவளத்துக்கு இன்னைக்கு முதுகு வலிக்குது. நீங்களே ஒரு செயல்பாடு செய்யுங்க," என்று வாளியைக் கையில் கொடுத்தாள்.

அடுத்த விண்ணப்பத்தில் உலகம் முதல் பத்தியிலேயே அழிந்தது. ஆனாலும் நிதி வரவில்லை. ஆய்வு பலன் தரும் என்பதற்கு முன்னோட்ட முடிவுகள் இணைக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதாவது, பார்ப்பதற்குப் பணம் வேண்டுமென்றால் முதலில் பார்த்துவிட்டு வர வேண்டும். அக்காள் இதைக் கேட்டதும் அடுப்படிக்குப் போய் அந்த நாற்காலியைத் தூக்கிவந்து கூடத்து நடுவில் வைத்தாள். அத்தான் அதில் உட்கார்ந்துகொண்டே, முன்னோட்ட ஆய்வுகளுக்கென்றே தனியாகச் சிறு நிதி இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று விளக்கினார். அந்தச் சிறுநிதிக்காரர்கள், பெருநிதி கிடைக்க வாய்ப்புண்டு என்பதற்குச் சான்று கேட்டார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்கிற கதை.

இயக்குநர் மறுபடி ஆறுதல் சொன்னார். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள், அடி வாங்க வாங்கத்தான் ஆள் தேறும் என்றார். பழமொழி சொன்னவர்கள் குடத்தின் வாய் திறந்து குளவி வெளியே பறப்பதைத்தான் பார்த்தார்கள். உள்ளே நடந்ததைப் பார்க்கவில்லை. புழு குளவியாவதில்லை. உள்ளே பொரிக்கும் குளவிக்குஞ்சுக்குச் சாப்பாடாகிறது. இது அத்தானுக்குத் தெரிந்த அளவு அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. இருந்தும் அவர் பணிவாகச் சிரித்துவிட்டு வந்தார்.

பிறகுதான் அவருடைய உண்மையான திறமை வெளிப்பட்டது. தனக்குக் கிடைக்காத நிதி பிறருக்கு எழுதிக் கொடுத்தால் கிடைத்தது. பக்கத்து அறையில் ஒரு கறையான்காரர் இருந்தார். கறையான் எப்படி அலமாரியை அரிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அத்தான் அதை வாங்கி ஓர் இரவு மெனக்கெட்டு, நகரக் கட்டடங்களின் எதிர்காலமும் சிற்றுயிர்ச் சவால்களும் என்று தலைப்பிட்டு, பன்னிரண்டு காலாண்டுகளுக்கு வண்ணக் கட்டம் போட்டுக் கொடுத்தார். கறையான்காரருக்கு ஆய்வகமே புதிதாக எழும்பியது. பழைய அலமாரியை முதல் காலாண்டிலேயே தூக்கி எறிந்துவிட்டதால் கறையானுக்கு அலமாரியை அரிக்கும் வாய்ப்பு இல்லாமல் போனது வேறு விஷயம்.

செய்தி பரவியது. அத்தானின் அறை வாசலில் கொசுக்காரர், வண்ணத்துப்பூச்சிக்காரர், தேனீக்காரர் என்று ஆள்கள் கையில் கத்தைக் காகிதத்தோடு காத்திருந்தார்கள். காலாண்டார் என்ற பட்டம் அந்த வரிசையில்தான் யாரோ வைத்தது. எல்லாரும் மதியச் சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாக வருவார்கள். குளவிகள் சுறுசுறுப்பாக இருப்பதும் பிற்பகலில்தான். வேலை நேரம் மோதும்போது குளவிகள் விட்டுக்கொடுத்தன. அவற்றுக்குப் பதவி உயர்வு இல்லை.

அவர் அறையின் சன்னலிலிருந்து பார்த்தால் பின்கட்டு நடைகூடம் நேராகத் தெரியும். முன்பெல்லாம் பேனாவைக் கடித்தபடி அங்கேதான் பார்த்துக்கொண்டிருப்பார். அட்டவணைகள் பெருகப் பெருக அவற்றை ஒட்டச் சுவரில் இடம் போதவில்லை. ஒருநாள் பெரிய அட்டவணையொன்றைச் சன்னல் கண்ணாடி மேலேயே ஒட்டினார். வெயில் பின்னாலிருந்து அடித்ததில் கட்டங்கள் எல்லாம் கோயில் விளக்குப் போல ஜொலித்தன. அதற்குப் பிறகு அதை அவர் கழற்றவே இல்லை.

ஆண்டுகள் போயின. அவருக்குக் காதோரம் நரைத்தது. அக்காள் குளவியைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினாள். ஆனால் அலமாரியைத் துடைக்கிற போதெல்லாம் அந்த மூன்று குப்பிகளையும் எடுத்துத் துடைத்து மறுபடி அதே இடத்தில் வைப்பாள். தானும் பூசிக்கொள்ள மாட்டாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அது அவரோட சாமான்டா," என்றாள்.

கடைசியில் அத்தானுக்கும் வேளை வந்தது. வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்ப் போடும் ஆளில்லாத குட்டி விமானங்களுக்கு முகவரி கண்டுபிடிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று யாரோ பெரிய மனிதர்களுக்குத் தோன்றி, அதற்கென ஒரு நிதி திறந்தார்கள். அத்தானுக்குச் சட்டென்று பொறி தட்டியது. அடுக்குமாடியில் வீட்டைத் தேடும் விமானமும் மண்குடச் சுவரில் வீட்டைத் தேடும் குளவியும் ஒன்றுதானே? முப்பது பக்கம் எழுதினார். முதல் பத்தியில் பொட்டலங்கள் தப்பான வீட்டுக்குப் போய் நாகரிகமே நிலைகுலைந்தது. நாற்காலி என்ற சொல் அந்த முப்பது பக்கத்தில் எங்குமே இல்லை. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் தானியங்கிக் கேமராக்கள் ஒன்பது இருந்தன.

குழு மெச்சியது. ஒரே ஒரு குறை சொன்னது: இணைத்துள்ள புகைப்படத்தில் ஆய்விடம் உரிய தரத்தில் இல்லை, சுவர் பொரிந்திருக்கிறது, குழாய் ஒழுகுகிறது, தரையில் சேறு, சீரமைப்புத் திட்டத்தையும் சேர்த்து அனுப்பவும்.

நியாயமாகப் பார்த்தால், சுவர் அப்படி இருப்பதால்தான் ஆய்வே என்று ஒரு வரி எழுதினால் போதும். பழைய அத்தான் எழுதியிருப்பார். காலாண்டாருக்குக் குறை என்று ஒன்று வந்தால் அதற்குப் பத்தி என்று ஒன்று கையிருப்பில் இருக்கும். கறையான்காரரின் விண்ணப்பத்திலிருந்து அந்தப் பத்தியைப் பெயர்த்தெடுத்து இதில் ஒட்டினார். "முதல் காலாண்டு: ஆய்விடச் சீரமைப்பு. சுவர்களைச் சுரண்டிப் பூசி வெள்ளையடித்தல். குழாய்க் கசிவை நிரந்தரமாக நீக்குதல். ஈரமண் அகற்றித் தரை பூசுதல்." கறையான் அறைக்கு அது பொருத்தமான பத்திதான். எழுதும்போது அவருக்குச் சுவர் ஞாபகம் வரவில்லை. கட்டம் நிறைகிறதா என்றுதான் பார்த்தார். நிறைந்தது, இளம்பச்சை தீட்டினார்.

நிதி வந்தது.

அன்று அக்காள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அடுப்படி நாற்காலியை வெளியே எடுத்து ஈரத்துணியால் நான்கு காலையும் துடைத்தாள். "இப்பவாவது கொண்டு போவீங்களா?" என்றாள்.

"மொதக் காலாண்டு சீரமைப்பு. ரெண்டுல கேமரா. மூணாவதுல பாப்போம்," என்றார் அத்தான், அவ்வளவு சந்தோஷமாக.

பணம் வந்த கையோடு அவருக்கு அழைப்பும் வந்தது. இத்தனை தோல்விக்குப் பிறகு இவ்வளவு பெரிய நிதி பெற்றவர் என்பதால், முன்பு அவர் மாணவராக உட்கார்ந்த அதே பயிற்சிக்கு இப்போது அவரே பாடம் நடத்த வேண்டும். ஒரு வாரம் போயிருந்தார். எதிர்பாராத இடர்களை முன்கூட்டிக் கணிப்பது எப்படி என்பது அவருக்குத் தந்த தலைப்பு. நன்றாகப் பேசினார் என்று கேள்வி.

ஆண்டுக் கணக்கு முடியும் சமயம். செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும் என்று இயக்குநர் அந்த வாரமே மேஸ்திரியை வரவழைத்தார்.

அத்தான் திரும்பி வந்து பின்கட்டுக்குப் போனபோது பிற்பகல். நடைகூடம் முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. கட்டிக் கொடுத்த வேலையைக் காட்டும் பெருமையோடு மேஸ்திரி நின்றிருந்தார்.

"பாருங்க சார், பால் மாதிரி இருக்கு."

"இங்க கூடு இருந்துச்சே," என்றார் அத்தான்.

"கூடா? ஒரே மண்ணு சார். சுரண்டி எடுக்கவே பாதி நாள் போச்சு. நம்ம ஆளுங்க ரெண்டு பேருக்கு மூஞ்சி வீங்கிடுச்சு. அதுக்கு நான் தனியா ஒண்ணும் கேக்கல சார், மனசாட்சிப்படி."

"யாரு சுரண்டச் சொன்னது?"

மேஸ்திரி குழம்பிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். "நீங்கதான சார். இதோ, மொதக் காலாண்டு."

அத்தான் வாங்கிப் படித்தார். பிறகு என்னிடம் இதைச் சொன்னபோது, ஒன்றை மட்டும் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. அந்த நிமிஷத்தில்கூட, இரண்டாம் வாக்கியத்தை இன்னும் செறிவாக எழுதியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதாம்.

குழாயைத் திருகிப் பார்த்தார். திறந்தால் கொட்டியது, மூடினால் நின்றது. ஒரு சொட்டு இல்லை. "இனி ஜென்மத்துக்கும் சொட்டாது சார்," என்று சொல்லிவிட்டு மேஸ்திரி அடுத்த வேலைக்குப் போனார். சேற்றுத் திட்டு இருந்த இடத்தில் சிமெண்டு, இன்னும் முழுக்கக் காயாமல் சாம்பல் நிறத்தில் இருந்தது.

உட்கார எதுவும் இல்லை. காலிச் சுண்ணாம்பு வாளி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த நடைகூடத்தில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

வெகு நேரம் கழித்து ஒரு குளவி வந்தது. காலிடுக்கில் பச்சைப் புழு ஒன்று. சுரண்டிய நாளில் வெளியே போயிருந்ததோ, தப்பிப் பறந்ததோ. அது அந்த நீளச் சுவரில் வேறெங்கும் போகவில்லை. இடது பக்கம், தலை உயரத்துக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலமுள்ள ஓரிடத்துக்கு நேரே வந்து நின்றது. அங்கே வெள்ளைச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை. சுவரை ஒட்டி அந்தரத்தில் நின்று பார்த்தது. இறங்கிச் சுண்ணாம்பின் மேல் வட்டமாக நடந்தது. எழும்பிப் பின்னால் போய், மறுபடி அதே இடத்துக்கு வந்தது. திரும்பத் திரும்ப, அதே உள்ளங்கை அகலம். குடம் இல்லை. ஆனால் குடம் இருந்த இடம் அதற்குத் தெரிந்திருந்தது.

அத்தான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு காலம் அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அவர் எழுதிய பத்தியே பரிசோதனை செய்து காட்டிவிட்டது. எல்லாக் குடத்தையும் ஒரே அடியாகக் காணாமல் அடிக்கும் துணிச்சல் அவருடைய எந்த விண்ணப்பத்திலும் இருந்ததில்லை.

கடைசியில் குளவி புழுவை நழுவவிட்டுப் பறந்து போனது. புழு அவர் செருப்பருகே விழுந்தது. சாகவில்லை, கொட்டு வாங்கிய மயக்கத்தில் கிடந்தது. இனி அது குளவிக்கும் இல்லை, தோட்டத்துக்கும் இல்லை. அத்தான் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். காவலாளி வந்து ஜெனரேட்டர் அறையைப் பூட்டியபோதுதான் எழுந்தார்.

அந்த வாரக் கடைசியில் நான் வீட்டுக்குப் போனபோது அவரே பேச்சை எடுத்தார்.

"அது பழைய குளவியா இருந்தா எனக்குப் பதில் கெடச்சிடுச்சு மாப்ளே. இடத்தை வெச்சுத்தான் வருது. ஆனா வேற எங்கயோ கூடு கட்டின குளவியா இருந்தா? வழி தப்பி வந்த ஏதோ ஒண்ணுனு ஆயிடும். அந்த இடத்துல முன்னாடி அதோட கூடுதான் இருந்துச்சுனு எப்படிச் சொல்றது?"

"உங்களுக்கு என்ன தோணுது அத்தான்?"

"தோணுறதை எழுத முடியாது." விரல் நுனியால் உள்ளங்கையில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தார். "முதுகுல ஒரு பொட்டு இருந்திருந்தா போதும்."

அக்காள் உள்ளேதான் இருந்தாள். கேட்டிருப்பாள்.

கேமராவில் பதிவாகவில்லையா என்று நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "கேமரா ரெண்டாம் காலாண்டு," என்றார்.

வரலாறு என்பது இதோடு முடிந்தால் நன்றாயிருக்கும். திட்டங்கள் அப்படி முடிவதில்லை. காலாண்டு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அத்தான் எழுதினார். ஆய்விடச் சீரமைப்பு முழுமையாக நிறைவேறியது, சுவர், குழாய், தரை ஆகிய மூன்றிலும் இலக்கு எட்டப்பட்டது. அதில் ஒரு சொல் பொய் இல்லை. குழுவிடமிருந்து பாராட்டு வந்தது. குறித்த காலத்துக்குள் முதல் கட்டத்தை முடிப்பவர்கள் அபூர்வமாம். இரண்டாம் காலாண்டில் கேமராக்கள் ஒன்பதும் வந்தன. அவை வெள்ளைச் சுவரைக் காலையிலிருந்து மாலைவரை படமெடுத்தன. எடுத்ததைப் பார்க்க உதவியாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். அவர்களும் பார்த்தார்கள். சுவரில் வெயில் நகர்வது மிகத் துல்லியமாகப் பதிவாகியிருந்தது.

அத்தான் குழுவிடம் போய் நடந்ததைச் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். திருப்பிப் பெறுவதற்கு நடைமுறை இல்லை என்றார்கள். வேண்டுமானால், குளவிகள் ஏன் இல்லை என்பதை ஆராயத் திட்டத்தை நீட்டிக்கலாம் என்றார்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒரே விஞ்ஞானி அவர்தான் என்பதால் அவர் மறுத்துவிட்டார். விண்ணப்பிக்கக் கிடைத்த வாய்ப்பொன்றை அவர் வேண்டாம் என்று சொன்னது அதுவே முதல் முறை. அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று கறையான்காரர் வருத்தப்பட்டார்.

அறைக்குத் திரும்பிச் சன்னலில் ஒட்டியிருந்த அட்டவணையைக் கிழித்தார். அவ்வளவு நாள் வெயில் பட்டுப் பசை இறுகியிருந்ததால் முழுசாக வரவில்லை. கண்ணாடியில் கட்டங்களின் சுவடு அப்படியே நின்றது. அதற்கு நடுவே நடைகூடம் தெரிந்தது.

மறுநாள் காலையில் அடுப்படி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அனுமதி வாங்கவில்லை, அட்டவணை போடவில்லை. இப்போதும் ஒவ்வொரு பிற்பகலும் அதில் உட்காருகிறார். குழாயை முழுக்க மூடாமல், கைக்குட்டையைச் சுற்றிச் சொட்டச் சொட்ட விட்டிருக்கிறார். சிமெண்டின் மேல் சேறு தேங்கவில்லை. ஈரம் மட்டும் கறையாகப் படிகிறது. தோட்டத்திலிருந்து ஒரு கை மண் எடுத்துவந்து கொட்டினார். துப்புரவு செய்கிறவர் பொறுப்பாகப் பெருக்கிவிட்டார். மறுபடி கொட்டினார். அந்தப் பருவம் முழுக்கக் குளவி வரவில்லை. அடுத்த பருவமும் வரவில்லை.

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்றைக்கு அக்காள் வாசலில் நிறுத்தி, அலமாரியிலிருந்து மூன்று குப்பிகளையும் எடுத்துவந்து அவர் சட்டைப் பையில் போட்டாள். அவர் அங்கேயே சிவப்புக் குப்பியைத் திறந்து பார்த்தார். தூரிகை அடியோடு ஒட்டிப்போய் வரவில்லை. உள்ளே பாறையாக உறைந்திருந்தது. ரோஸும் அப்படியே. பழுப்பைத் திறக்கவே முடியவில்லை.

"காஞ்சிருச்சும்மா," என்றார்.

"நகப்பூச்சுதான? வேற வாங்கிக்கலாம்," என்றாள் அக்காள். வேறு வாங்க முடியாததைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. "டிபன் பாக்ஸை மறந்துடாதீங்க," என்று பையைக் கையில் கொடுத்தாள்.